காப்புக் கயிறும் கறுப்புப் பெட்டியும்

ராணுவத்தில் அதிகாரியாவதற்கான பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்ன கடிதம் அரைப்பக்கம்தான். வரும்போது என்னென்ன மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொன்ன பட்டியல் மூன்று பக்கம். எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் அரசு விடுதியில் தங்கி பி.ஏ. முடித்திருந்தேன். என்.சி.சி.யில் பழகின தைரியத்தில் எழுதிப் போட்டு, நேர்முகத்துக்குப் போய், எப்படியோ தேறிவிட்டேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து அதற்கு முன் பட்டாளத்துக்கு யாரும் போனதில்லை. சிப்பாயாகக்கூடப் போனதில்லை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். வராதவரின் இடம், காரணம் எதுவானாலும், ரத்து. அந்த மூன்று பக்கத்தில் இந்த ஒரு வரிக்கு மட்டும் அடியில் கோடு போட்டிருந்தார்கள். பயிற்சிப் பள்ளி வடக்கே எங்கோ இருந்தது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு இரவு. ஆக, சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் மலையை விட்டு இறங்கியாக வேண்டும்.

அதற்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வந்தேன். இரண்டு வேலை பாக்கி. ஒன்று, பெட்டி கட்டுவது. இன்னொன்று, அப்பாவிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. பையன் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தால் அதுவரை ஆன செலவுக்குத் தகப்பன் பொறுப்பு என்று எழுதிய பத்திரம். தகப்பன் கையெழுத்தும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பட்டியலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "கைக்குட்டை பன்னெண்டு" என்றேன்.

"மூக்கு ஒண்ணுதானடா கீது. பன்னெண்டு எதுக்கு?" என்றாள் ஒருத்தி.

"தூங்கும்போது போட்டுக்கற உடுப்பு, ரெண்டு."

"இன்னாது, தூங்கறதுக்குத் தனித் துணியா? கண்ண மூடிக்கினு கெடக்கறவன் இன்னா போட்டா இன்னா?"

சட்டை மாட்டுகிற ஹேங்கர் ஆறு என்றபோது அது என்னவென்றே யாருக்கும் பிடிபடவில்லை. விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். "வில்லு மாரி கீது. அங்க போயி முயல் வேட்டையா ஆடப் போற?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கறுப்புக் கோட்டு ஒன்று கட்டாயம் என்றிருந்ததால், எங்கள் ஆங்கில வாத்தியார் தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை எடுத்துப் போட்டுக் காட்டினேன். தோள்பட்டையில் பிடித்தது, கையைத் தூக்கினால் கிழியும் போலிருந்தது. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "என்னிக்கிப் போவணும்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமப்பா. மொத பஸ்ஸு."

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கயிறு திரிக்கத் தொடங்கினார். எனக்கு அக்காக்கள் இரண்டு பேர். இருவரும் ஆலங்காயம் பக்கம் வாக்கப்பட்டுப் போய்விட்டார்கள். ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். நான் போவது அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

திங்கட்கிழமை முழுக்க, எனக்குக் கல்யாணமாகவில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கக் கிராம அலுவலரைத் தேடி மலையில் அலைந்தேன். பட்டியலில் அதுவும் இருந்தது. நான் ஊரில் இல்லாத அந்த நேரத்தில் ஊர் கூடியிருக்கிறது. மழை தள்ளிப் போய்க்கொண்டிருந்ததால் காளியம்மனுக்கு எப்போது காப்பு கட்டுவது என்று ஒரு மாதமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மறுநாளே கட்டிவிடுவது என்று அன்றைக்கு முடிவானது. நான் அலைந்து திரிந்து வந்து படுத்தவன், அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பூசாரி மஞ்சள் கயிற்றுக் கட்டோடு வீடு வீடாக வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து, சேலம் நண்பன் ஒருவன் கொடுத்த பழைய பழுப்பு நிறத் தோல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். "வா, கைய நீட்டு" என்றார் பூசாரி. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினேன். மீசை முளைத்த வருஷத்திலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் நீட்டிய கை. காலையில் எழுந்தால் பல் விளக்குகிற மாதிரி அது தன்னால் நீண்டது. பூசாரி மூன்று முடிச்சுப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் பிரஷ்ஷை எடுத்து இரண்டாவது ஷூவைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

பாதி தேய்த்திருப்பேன். அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊர் வழக்கம் இது. காப்பு கட்டினால் ஒன்பதாம் நாள்தான் அவிழ்ப்பார்கள். அதுவரை, தலைக்கட்டில், அதாவது ஊர்க் கணக்கில், பேர் உள்ள எந்த ஆணும் ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கக் கூடாது. பகலில் போளூர் சந்தைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். செவ்வாய் கட்டினால் அடுத்த வாரம் புதன்கிழமை அவிழ்ப்பு. நான் போக வேண்டியதோ சனிக்கிழமை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்று பக்கப் பட்டியலை மனப்பாடம் பண்ணியவனுக்கு விரல் விட்டு நாலு நாள் எண்ணத் தெரியவில்லை. யாரும் என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டவில்லை. நானே நீட்டினேன்.

கயிறுதானே, அறுத்து எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று இன்றைக்கு யாரும் சுலபமாகக் கேட்பார்கள். கேளுங்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஊர்க்காரர் ஒருவர் காப்பு நாளில் தங்கச்சி வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தார். அதே மாதம் கோமாரி வந்தது. ஒரு கொட்டகை பாக்கியில்லை. எங்கள் உழவு ஜோடி வாயில் நுரை தள்ளி விழுந்ததையும், அம்மா அவற்றின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதருக்கு அப்புறம் யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, தன்னால்தான் வந்தது என்று அவரே நம்பினார். அது காற்றில் பரவும் கிருமி என்று கல்லூரி படித்த என் மூளை சொன்னது. மூளை சொன்னதை மணிக்கட்டு கேட்கவில்லை.

புதன்கிழமை ஊர்க்கவுண்டரிடம் போனேன். எங்கள் மலையில் ஊருக்குத் தலைவர் அவர்தான். அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா. கடிதத்தில் கோடு போட்ட வரியைக் காட்டினேன்.

"கட்டின காப்ப நடுவுல அவுக்கற பழக்கமே கெடயாதுடா மருமவனே. ஊட்டுல சாவு வுழுந்தாக்கூட அவுக்கறதில்ல" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். "நீ இன்னா பண்ற, அவங்களுக்கு ஒரு கடுதாசி போடு. சாமி காரியம், நாலு நாள் தள்ளி வர்றேன்னு எழுது. நாம இன்னா ஓடியா போய்டப் போறோம்?"

"கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள எடம் போய்டும் மாமா."

"அப்ப இன்னாடா பண்றது? உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மனுஷன் உட்காரவைத்துப் பலாச்சுளை கொடுத்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்துப் போளூருக்கு இறங்கினேன். போவேனோ மாட்டேனோ, சாமான் வாங்கியாக வேண்டும். தபாலாபீஸில், நாலு நாள் அவகாசம் கேட்டுப் பயிற்சிப் பள்ளிக்குத் தந்தி கொடுத்தேன். பதில் எப்போது வரும் என்று கேட்டதற்கு, அங்கிருந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "காரணம் எதுவானாலும்னு போட்டிருக்காங்களே தம்பி" என்றார். தெரியாமலா கேட்டேன்! தகரப் பெட்டிக் கடையில் கறுப்புப் பெட்டி வாங்கி, சைன்போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்து வெள்ளை எழுத்தில் என் பேரை எழுத வைத்தேன். வெள்ளைக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ, சாவி இரண்டு உள்ள பூட்டு, ஊசி நூல் பொட்டலம், டார்ச் லைட். ஹேங்கரும் கிடைத்தது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மலை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். காட்பாடிக்குப் போகிற வண்டி வந்து என் எதிரிலேயே நின்றது. கடிதத்தோடு அனுப்பியிருந்த ரயில் பாஸ் சட்டைப் பையில் இருந்தது. பெட்டி காலடியில் இருந்தது. பத்திரத்தில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அதை நானே கிறுக்கினால் வடக்கே உட்கார்ந்திருக்கிற எவனுக்குத் தெரியப் போகிறது? எழுந்து நின்றேன். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். மஞ்சள் கயிறு முழங்கைப் பக்கம் சரிந்து, பிடித்த பிடியில் மறுபடி மணிக்கட்டுக்கு வந்தது. வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். சிறையென்றால் சுவர் இருக்கும், முட்டிக்கொள்ளவாவது செய்யலாம். இங்கே என்னைப் பிடித்து வைத்திருந்தது அரையணா நூல். விளக்கு வைப்பதற்குள் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன். என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, "இம்மாம் பெரிசா!" என்று சந்தோஷப்பட்டாள். உடனே உள்ளே போய் ஒரு துணிப்பையில் சாமை அரிசி கொண்டுவந்து மூலையில் வைத்தாள். இன்னொரு மூலையில் கேழ்வரகு மாவு. ஷூவுக்குள் புளி உருண்டை. ஒரு பாட்டிலில் தேன், அது உடையாமலிருக்க வாத்தியாரின் கோட்டைச் சுற்றினாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்? நான் எங்க போவப் போறேன்? பொதங்கிழம அவுத்து, போய்ச் சேந்தா, கேட்டுலயே திருப்பி அனுப்புவான்."

"போவ" என்றாள் அம்மா.

"எப்படி?"

"எப்படின்னு எனக்கின்னா தெரியும்? போவ. நீ அந்த வெள்ளத் துணிய இப்படிக் குடு."

வெள்ளிக்கிழமை காலை அப்பா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் போய் வரப்பில் உட்கார்ந்தேன். முந்தின நாளிலிருந்து மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒரு விஷயம் இருந்தது. போளூர் பஸ்ஸில் கூட வந்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க அப்பாதான்யா நாளைக்கே கட்டிடலாம்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

"அப்பா" என்றேன். "திங்கக்கிழம கூட்டத்துல நாள் சொன்னது நீயா?"

அவர் நிமிரவில்லை. ஒரு கைப்பிடி களையைப் பிடுங்கி மண்ணை உதறினார்.

"நான் சனிக்கிழம போவணும்னு தெரிஞ்சேதான சொன்ன?"

"ஆமா" என்றார். "தெரிஞ்சேதான்."

நான் எதையும் எதிர்பார்த்திருந்தேன், இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சத்தியம் செய்வார், நான் நம்பாமல் கத்துவேன், இப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஒருத்தன்தான கீற" என்றார் அப்பா. "சண்டைக்குப் போற வேல. போனா வருவியோ மாட்டியோ. வேணாண்டான்னு வாயால சொன்னா கேக்க மாட்ட. அம்மன் புடிச்சி வச்சிக்கினா வச்சிக்கட்டும்னு பாத்தேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுத முடியாததெல்லாம் சொன்னேன். பெத்த புள்ளைக்குக் கண்ணி வைக்கிறவன் அப்பனா என்று கேட்டேன். கடைசியில், "சரி, இருக்கறேன். உன் இஷ்டப்படியே இந்தக் கொல்லையிலயே கெடந்து சாவறேன். ஆனா உங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன். செத்தாலும் பேச மாட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினார். "அந்தக் காயிதத்த எடு" என்றார். ஊர்க்கவுண்டரையும் கையோடு கூட்டிவந்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். அறிவொளி இயக்கம் வந்து பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தராத காலத்திலேயே எங்கேயோ கற்றுக்கொண்ட ஒரு கையெழுத்து அப்பாவிடம் இருந்தது, அதை எழுத அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். 'தகப்பனார்' என்று அச்சடித்த இடத்துக்கு நேராக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். இவன் இன்னாருடைய மகன்தான் என்பதற்குச் சாட்சியாகக் கவுண்டர் அடியில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை அப்பா ஊதிக்கொண்டே இருந்தார்.

"போவ முடியாதவனுக்கு எதுக்கு கையெழுத்து?" என்று கேட்டேன். பேச மாட்டேன் என்று சொன்னதை அதற்குள் மறந்திருந்தேன்.

"சாயங்காலம் கோயிலாண்ட வா" என்றார்.

காப்பு நாட்களில் சாயங்காலம் ஊர் மொத்தமும் கோயில் முன்னால் கூடும். கூழ் ஊற்றி முடித்ததும் அப்பா எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆளே இல்லை அவர். எனக்காகக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு ஞாயம் கேக்கணும்" என்றார் கவுண்டரிடம். "தலக்கட்டுல பேர் இல்லாதவனுக்குக் காப்பு உண்டா?"

"ஏது? பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கீதா, பஸ்ஸு ஓட்டறவருக்குக் கீதா? ஊரானுக்குத்தான் காப்பு."

"அப்ப இவன் பேர எடுத்துடுங்க."

கவுண்டர் எழுந்துவிட்டார். "இன்னா பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா? எடுத்தா எடுத்ததுதான். மறுபடி சேக்கறதில்ல. நாளைக்கி நீ செத்தா கொள்ளி வெக்கக்கூட அவனுக்கு உரிமை இல்ல."

"தெரியும்."

நான் எழுந்து, "வேணாம்பா, நான் போவல" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் எனக்குப் பட்டாளமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றிருந்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கோயில் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவினார். எங்கள் மலையில் உறவு அறுப்பதென்றால் அப்படித்தான். ஊர் பார்க்கத் துரும்பைக் கிள்ளிப் போட வேண்டும்.

"எனக்குப் புள்ள இல்ல" என்றார். கிள்ளிப் போட்டார். மூன்று தடவை சொல்ல வேண்டும், மூன்று தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கவுண்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். மத்தியானம் நான் இவருடைய மகன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே கவுண்டர். பூசாரி வந்து அரிவாள் முனையால் என் கயிற்றை அறுத்தார்.

அதற்குப் பிறகு லீவில் ஊருக்குப் போனபோதெல்லாம் விருந்தாளியாகத்தான் போனேன். விருந்தாளிக்குப் போடுகிற பாயைத்தான் போட்டார்கள். ஊர் வைத்த சட்டத்தை ஊர் மறக்கவில்லை. பல வருஷம் கழித்து அப்பா இறந்தபோது நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன், கொள்ளி வைத்தது அக்கா மகன். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தார், அதற்கு என்னையே விலையாகக் கொடுக்க வேண்டி வந்தது. அவர் மேல் எனக்கிருந்த கோபம் அந்தக் கோயில் வாசலிலேயே போய்விட்டது. அதைத்தான் அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன், மடையன்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். துணிகளைத் தட்டி மடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சாமைப் பையை வெளியே எடுத்து வைத்தாள். அப்புறம் கேழ்வரகு மாவு. அப்புறம் தேன். எனக்கு மறந்தே போயிருந்த இன்னொரு வழக்கம் அது. காப்பு கட்டிய வீட்டிலிருந்து காப்பு அவிழ்க்கும்வரை தானியமோ தின்பண்டமோ ஊரான் அல்லாதவன் கைக்குப் போகக் கூடாது. மகனுக்குக் கொடுக்கலாம். நான் மகன் இல்லை.

"ஒரு பிடி இருந்துட்டுப் போவட்டும்மா. யாருக்குத் தெரியும்?"

"அம்மனுக்குத் தெரியும்" என்றாள். "போற எடத்துல உனக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" ஷூவைக் கவிழ்த்துப் புளி உருண்டையை எடுத்தாள். பெட்டியைச் சாய்த்து, மூலையில் சிந்தியிருந்த சாமையை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒரு மணி ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் பெட்டியை என் தலையில் நானே தூக்கி வைத்துக்கொண்டு போனேன். இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அம்மா எல்லைக்கல் வரை வந்தாள். அப்பா விடியும் முன்பே கொல்லைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பயிற்சிப் பள்ளியின் வாசலில் நின்றேன். அன்று பிற்பகலே பெட்டிச் சோதனை. அவரவர் கட்டில் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விறைப்பாக நிற்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஹவில்தாரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டுமாம். பெரிய மீசைக்காரர், இந்தி மட்டும் பேசினார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கிளறினார். ஆந்திரப் பையன் பெட்டியிலிருந்து ஆவக்காய் ஊறுகாய் ஜாடி வந்தது. ஹரியானாக்காரன் பெட்டியில் நெய் லட்டு டப்பா. எனக்கு அடுத்து நின்ற பாலக்காட்டுப் பையனிடம் வாழைக்காய் வறுவல், அச்சு முறுக்கு, குருவாயூர் சந்தனம். பட்டியலில் இல்லாததையெல்லாம் பிடுங்கி நடுவிலிருந்த மேசையில் வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். கொஞ்ச நேரத்தில் மேசை நிறைந்துவிட்டது.

என் பெட்டிக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, பட்டியலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கைக்குட்டை பன்னிரண்டு, ஹேங்கர் ஆறு. ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். கோட்டை உதறினார். பெட்டியைச் சாய்த்து மூலைகளைப் பார்த்தார். பட்டியலில் இருந்த எல்லாம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

பாலக்காட்டுப் பையனுக்கு இந்தியும் தெரியும், தமிழும் தெரியும். "வீட்டுல யாரும் இல்லையான்னு கேக்கறார்" என்றான்.

எனக்கு அப்பா இருக்கிறார், அவருக்குத்தான் பிள்ளை இல்லை. இதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது? "எல்லாரும் இருக்காங்கன்னு சொல்லு" என்றேன். அவன் சொன்னான்.

உஸ்தாத் நம்பவில்லை. என்னையும் பெட்டியையும் இன்னொரு முறை பார்த்தார். மேசைக்குப் போனார். திரும்பி வந்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே எதையோ வைத்து மூடியை டபாரென்று சாத்தினார். பிறகு என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி ஒரு அதட்டல் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். யாரோ ஒரு அம்மா தன் பிள்ளைக்கு உருட்டிக் கொடுத்தனுப்பிய லட்டு. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.